அப்பா எதற்குச் சிரித்தார்?

அகோயாவின் அப்பா சிரித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒருவழியாகச் சிரித்தார். ஆனால் சிரிக்கக் கூடாத இடத்தில், சிரிக்கக் கூடாத ஆட்களுக்கு நடுவில் சிரித்துத் தொலைத்தார்.

அன்று மாலை மனேயாபாவில் படம். மனேயாபா என்றால் அந்தத் தீவின் ஊர்க்கூடம். சுவர் கிடையாது. கூரை தாழ்வாக இருப்பதால் தலையைக் குனிந்துதான் உள்ளே போக முடியும். அங்கே எந்தக் குடும்பம் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பது எப்போதோ முடிவாகிவிட்டது. யாரும் மாற்றி உட்கார மாட்டார்கள். அகோயாவின் குடும்பத்துக்குத் தெற்குப் பக்கம், மூன்றாவது தூண்.

வாத்தியார் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை இழுத்துக் கட்டினார். ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. படம் ஆங்கிலத்தில் பேசும். வாத்தியார் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வசனத்தையும் ஊர்ப் பேச்சில் சொல்வார். கதாநாயகி அழுதாலும் வாத்தியார் குரல்தான், கைக்குழந்தை அழுதாலும் வாத்தியார் குரல்தான். ஊருக்கு அது பழகிவிட்டது.

அப்பா தெபானோ, தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பாய் காலியாக இருந்தது. அது உரியாம் சித்தப்பாவின் இடம். அதற்கு அடுத்து கயேவா சித்தியும் அவள் மகள் மீரேயும் உட்கார்ந்திருந்தார்கள். மீரேவுக்கும் அகோயாவுக்கும் ஒரே வயது, பத்து. வகுப்பிலும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்காருவார்கள்.

நான்கு மாதத்துக்கு முன்னால் அப்பாவும் சித்தப்பாவும் சூரை மீன் பிடிக்கப் படகில் போனார்கள். பவழத்திட்டைத் தாண்டியதும் இயந்திரம் நின்றுவிட்டது. நீரோட்டம் படகை மேற்கே இழுத்துக்கொண்டு போனது. முப்பத்தொரு நாள் கழித்து ஒரு வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல் அந்தப் படகைக் கண்டது. அதில் அப்பா மட்டும்தான் இருந்தார்.

"தம்பி இருபத்தேழாம் நாள் போயிட்டான்" என்று அப்பா சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கடல் இழுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தவரை எதுவும் கேட்கக் கூடாது, அவராகச் சொன்னால்தான் உண்டு என்பது அந்த ஊர் வழக்கம். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை. சித்தியும் கேட்கவில்லை. ஊரே மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருந்தது.

படத்தில் ஒரு பெரிய பயணிகள் கப்பல் வந்தது. அதில் ஒரு குண்டு மனிதர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கைக்குட்டை கட்டியிருந்தார். வேலையாள் வெள்ளித் தட்டைக் கொண்டுவந்து வைத்து மூடியைத் தூக்கினான். குண்டு மனிதர் எட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

வாத்தியார் மைக்கில் சொன்னார்: "இன்னைக்கும் மீன்தானா?"

அங்கங்கே இரண்டு பேர் லேசாகச் சிரித்தார்கள். அவ்வளவுதான். அது ஒன்றும் பெரிய நகைச்சுவை இல்லை.

அப்போது அப்பா சிரித்தார். முதலில் தொண்டையில் ஏதோ அடைத்ததுபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு கூடமே திரும்பிப் பார்க்கும்படி வெடித்துச் சிரித்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அப்படியும் நிற்கவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. படத்தில் கப்பல் புயலில் மாட்டி எல்லோரும் அலறும்போதும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

வாத்தியாருக்கு அடுத்த வசனம் மறந்துபோனது.

கயேவா சித்தி எழுந்தாள். மீரேயின் கையைப் பிடித்து இழுத்தாள். கூரை விளிம்பில் தலையைக் குனிந்து வெளியே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் பள்ளியில் மீரே இடம் மாறி உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி அங்க போய் உக்காந்திருக்க?" என்று அகோயா கேட்டாள்.

"உங்கிட்ட பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க."

"நான் என்ன பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. உங்கப்பாதான். எங்கப்பா செத்து இப்பத்தான் மூணு மாசம் ஆகுது. எங்கம்மா பக்கத்துலயே உக்காந்துட்டு அப்படிச் சிரிக்கிறாரு." மீரே குரலைத் தாழ்த்தினாள். "படகுல இருந்த தண்ணியை யாரு குடிச்சாங்களோ, யாருக்குத் தெரியும்னு கிணத்தடியில பேசிக்கிறாங்க."

அகோயாவுக்கு முகம் சூடாகிவிட்டது. "எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்ல."

"அப்ப எதுக்குச் சிரிச்சாரு, சொல்லு."

அகோயா தன் இடத்துக்குத் திரும்ப நகர்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை கப்பல் வருது" என்று மீரே சொன்னாள். "நாங்க அபையாங் தீவுக்குப் போறோம். எங்கம்மா பொறந்த ஊருக்கு. இனிமே இங்க வர மாட்டோமாம்." சட்டென்று புத்தகத்தைத் திறந்து முகத்தை மறைத்துக்கொண்டாள். புத்தகம் தலைகீழாக இருந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. நடுவில் இரண்டே நாள்.

'அப்பா எதற்குச் சிரித்தார் என்று கண்டுபிடித்தாக வேண்டும்' என்று அகோயா நினைத்தாள். அது தெரிந்தால் சித்தி போகமாட்டாள். தெரியாவிட்டால் மீரே போய்விடுவாள். அப்புறம் அப்பாவைப் பற்றிக் கிணற்றடியில் பேசுவதுதான் நிலைக்கும்.

முதலில் வாத்தியாரிடம் போனாள்.

"சார், 'இன்னைக்கும் மீன்தானா'ங்கிறதுல என்ன சிரிப்பு இருக்கு?"

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தார். "அது வந்து... மேசை நிறையச் சாப்பாடு வெச்சுக்கிட்டு ஒரு பணக்காரன் சலிச்சுக்கிறான் பாரு, அதான்."

"அதுக்கு யாராவது அழுற அளவுக்குச் சிரிப்பாங்களா சார்?"

"சிரிக்க மாட்டாங்க" என்று வாத்தியார் ஒப்புக்கொண்டார். "நான் சொன்ன விதம் ஒருவேளை நல்லா இருந்திருக்கும்."

அடுத்து கடைக்காரம்மாவிடம் கேட்டாள்.

"நான் பாதியில தூங்கிட்டேன் கண்ணு" என்றாள் கடைக்காரம்மா. "கடைசியில அந்தக் கப்பல் முழுகிச்சா, இல்லையா? அதை மொதல்ல சொல்லு."

வீட்டுக்கு வந்தாள். பன்றிக் கொட்டிலுக்கு எதிரே நின்று வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, "இன்னைக்கும் மீன்தானா?" என்று குண்டு மனிதர் மாதிரியே சொல்லிப் பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள். வேகமாகச் சொன்னாள். மூக்கால் சொன்னாள். பன்றி தேங்காய்த் துண்டை மென்றுகொண்டே அவளைப் பார்த்தது. அதற்கும் சிரிப்பு வரவில்லை.

"யாருகிட்டடி பேசுற?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"அம்மா, அப்பா அன்னைக்கு எதுக்குச் சிரிச்சாரு?"

அம்மா வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். "அதையெல்லாம் கேக்கக் கூடாது. அப்பாகிட்ட மட்டும் கேட்டுடாத. தெரியுதா?"

"சித்தி ஊரை விட்டே போறாங்கம்மா."

"தெரியும்." அம்மா பெருமூச்சு விட்டாள். "எனக்கு மட்டும் நல்லா இருக்கா? ஒரே கிணறு, ஒரே அடுப்படின்னு இருந்தோம். என்ன செய்யச் சொல்ற?"

புதன்கிழமை மாலை. பொழுது சாயும் நேரத்தில் எல்லோரும் பாயில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்பா இப்போதெல்லாம் கொஞ்சம்தான் சாப்பிடுவார். சாப்பிடும்போது வலப்பக்க ஓரமாக நகர்ந்து உட்காருவார். அம்மா சுட்ட மீனையும் வேகவைத்த ஈரப்பலாக்காயையும் கொண்டுவந்து வைத்தாள்.

அகோயா யோசித்தாள். கேட்கக் கூடாதுதான். ஆனால் சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

மீனை எட்டிப் பார்த்தாள். "இன்னைக்கும் மீன்தானா?" என்றாள்.

அப்பாவின் கை அப்படியே நின்றது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. சிரித்துக்கொண்டே சட்டென்று இடப்பக்கம் திரும்பினார். அங்கே வெறும் பாய்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு அணைந்துபோனது. எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

"உன்னை நான் என்ன சொன்னேன்?" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

அகோயா அதைக் காதில் வாங்கவில்லை. படம் பார்த்த அன்றும் அப்பா இடப்பக்கம்தான் திரும்பினார். இப்போது நன்றாக நினைவு வந்தது. திரையைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. சித்தப்பாவின் இடத்தைத்தான் பார்த்தார்.

போன மாதம் வாத்தியாரின் நாற்காலிக் கால் உடைந்து அவர் பாடத்தோடு சேர்ந்து கீழே விழுந்தார். அப்போது அகோயா சிரித்துக்கொண்டே திரும்பியது மீரே பக்கம். மீரேயும் அதே நேரத்தில் இவள் பக்கம் திரும்பியிருந்தாள். யாரோடு சேர்ந்து சிரிக்கிறோமோ அவர்கள் பக்கம்தானே தலை போகும்?

அப்படியென்றால் அந்த வசனம் குண்டு மனிதருடையது இல்லை. சித்தப்பாவுடையது. அப்பா சித்தப்பாவோடு சேர்ந்து சிரித்திருக்கிறார். பக்கத்தில் அவர் இல்லாததால், தனியாகச் சிரித்ததுபோல ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

அதைப் புரிந்துகொண்டதும் அவளுக்கு அழுகை வந்தது. ஈரப்பலாவை வாயில் வைத்துக்கொண்டே அழுதாள்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் சித்தி வீட்டுக்குப் போனாள். சித்தி தாழம்பாய்களைச் சுருட்டிக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். மீரே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் அகோயாவைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்கள்.

அகோயா பேசாமல் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். சித்தி வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு பாய் கட்டி முடிந்தது.

"சித்தி, அப்பா சித்தப்பாவை நெனச்சுத்தான் சிரிச்சாரு."

சித்தி முடிச்சை இறுக்கினாள். "உங்கப்பா சொன்னாரா?"

"இல்ல. நானாத்தான் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த வசனத்தைச் சொன்னதும் அவரு சித்தப்பா இடத்தைத் திரும்பிப் பாக்குறாரு. நேத்தும் பாத்தாரு."

"பாத்தா?" சித்தியின் குரல் கடுமையாக இருந்தது. "என் புருஷன் செத்ததுல என்னடி சிரிப்பு? நான் தெனமும் அந்தப் பாயைப் பாக்குறேன். எனக்குச் சிரிப்பு வரலையே."

"எனக்குத் தெரியாது சித்தி. படகுல என்ன நடந்துச்சுன்னு அப்பாவுக்குத்தான் தெரியும்."

"அப்ப அவரு சொல்லட்டும்."

"அவரு சொல்ல மாட்டாரு. யாரும் கேக்காததால சொல்லல. யாரும் கேக்கக் கூடாதுன்னு நீங்களும் கேக்கல." அகோயா கயிற்றைக் கீழே வைத்தாள். "நீங்க புபூசியா கேளுங்க சித்தி."

சித்தியின் கை நின்றது.

புபூசி என்பது அந்தத் தீவுகளில் உள்ள ஒரு பழக்கம். சொந்தக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து, எதிரே உட்கார்ந்து, "இதை உங்களிடம் புபூசியாகக் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டால், கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும். மறுக்கக் கூடாது. மறுத்தால் ஊரில் தலைகாட்ட முடியாது. சைக்கிள் கேட்பார்கள், பன்றிக்குட்டி கேட்பார்கள், போட்டிருக்கும் சட்டையைக்கூடக் கேட்பார்கள். கிணற்றடிக்குப் போனவர் பக்கெட் இல்லாமல் திரும்பிய கதையெல்லாம் உண்டு.

"வாயில இருக்கிற பேச்சை எல்லாம் யாரும் புபூசியா கேட்டதில்ல" என்றாள் சித்தி. "பொருளைத்தான் கேப்பாங்க. உங்கப்பாகிட்ட எனக்கு வேண்டியது எதுவும் இல்ல."

"இருக்கு சித்தி." அகோயா விடாமல் சொன்னாள். "சித்தப்பாவோட இருபத்தேழு நாள் அப்பாகிட்ட இருக்கு. உங்ககிட்ட இல்ல. மீரேகிட்டயும் இல்ல. நீங்க அபையாங் போயிட்டா அது அப்பாகிட்டயே தங்கிடும்."

மீரே பெட்டியிலிருந்து இறங்கி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போ அகோயா" என்று மட்டும் சித்தி சொன்னாள். "அம்மா தேடுவாங்க."

அன்று இரவு அகோயாவுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. காரியத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று பயந்துகொண்டே கிடந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பவழத்திட்டுக்கு வெளியே கப்பல் வந்து நின்றது. சின்னப் படகுகள் சாமான் ஏற்றப் போய்வந்துகொண்டிருந்தன. அப்பா வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக அவர் கடலுக்குப் போகவில்லை. ஆனாலும் வலையை மட்டும் தினமும் தைத்தார். தைக்க எதுவும் மீதி இல்லாவிட்டால் பிரித்துத் தைத்தார்.

கயேவா சித்தி வந்தாள். ஊருக்குப் போகும்போது கட்டும் துணியைக் கட்டியிருந்தாள். அவள் பின்னால் மீரே. சித்தி அப்பாவுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். விருந்தாளி மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு புபூசியா கேக்க வந்திருக்கேன்."

அப்பா ஊசியைக் கீழே வைத்தார். "வலை வேணுமா, எடுத்துக்கம்மா. படகு வேணும்னாலும்..."

"அது எதுவும் வேணாம். என் புருஷனோட அந்த இருபத்தேழு நாளையும் எனக்குக் குடுங்க."

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முடியாது என்று அவரால் சொல்ல முடியாது. அம்மா உள்ளே கதவோரம் வந்து நின்றாள். அகோயாவும் அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எதைச் சொல்ல?" என்று அப்பா கடைசியில் கேட்டார்.

"தண்ணி." சித்தி நேராகவே கேட்டுவிட்டாள். "தண்ணியை எப்படிக் குடிச்சீங்க?"

"மழை பேஞ்சா இயந்திர மூடியில பிடிச்சு வெப்போம். ஆளுக்கு ஒரு சிரட்டை, காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அவன் தன்னோடதை எம் பக்கம் தள்ளுவான். நான் அவன் பக்கம் தள்ளுவேன். பாதி அதுலயே சிந்திப்போகும்." அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவன் போற வரைக்கும் ஆறு நாளா மழையே இல்லம்மா. ரெண்டு பேருக்குமே இல்ல."

சித்தி தலையை ஆட்டினாள். அவள் கன்னத்தில் நீர் இறங்கியது. அதைத் துடைக்கவில்லை.

"அன்னைக்கு எதுக்குச் சிரிச்சீங்க?"

அப்பா வலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் மீன் பிடிச்சு வெட்டுவேன். பச்சை மீனு. உப்பு இல்ல, நெருப்பு இல்ல. அவன் முன்னால வெச்சதும், துணி விரிச்ச மேசையில உக்காந்திருக்கிற தொரை மாதிரி எட்டிப் பாப்பான். 'இன்னைக்கும் மீன்தானா?'ம்பான். 'இந்தக் கடையில வேற எதுவுமே சமைக்க மாட்டீங்களா'ம்பான். தெனமும். ஒரு நாள் விடாம. என்னைச் சிரிக்க வெக்காம விட மாட்டான். நான் சிரிச்சாத்தான் சாப்பிடுவான்."

மீரேயின் வாய் லேசாகத் திறந்தது. அவள் அப்பா பேசுவது அவளுக்கே கேட்டதுபோல இருந்தது.

"கடைசியில நாலு நாளா மீனும் கெடைக்கல. அவனால எந்திரிக்க முடியல. இருபத்தாறாம் நாள் சாயங்காலம் சின்ன மீன் ஒண்ணு, பறக்கிற மீனு, தானா வந்து படகுல விழுந்துச்சு. விரல் நீளம்தான். பிச்சு அவன் உதட்டுல வெச்சேன். கண்ணைத் தொறக்கல." அப்பாவின் குரல் கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை. "கண்ணைத் தொறக்காமலே கேட்டாம்மா, இன்னைக்கும் மீன்தானான்னு. நான் சிரிச்சேன். அவனும் சிரிச்சான். காலையில அவன் இல்ல."

கடற்கரையில் யாரோ சாமான் கணக்கைக் கத்திச் சொல்வது கேட்டது.

"சிரிச்சாரா?" என்று சித்தி கேட்டாள்.

"சிரிச்சான்."

"நல்லாவா?"

"நல்லாத்தான். கன்னத்துல அந்தக் குழி விழுமே, அது விழுந்துச்சு."

சித்தியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அகோயா முதலில் அதை அழுகை என்றுதான் நினைத்தாள். உற்றுப் பார்த்தால் சித்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டும் இருந்தாள். "சாகும்போதும் சாப்பாட்டுல குத்தம் சொல்லிட்டா போனாரு அந்த மனுஷன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். மீரே வந்து அகோயாவை ஒட்டி நின்றுகொண்டாள். மீரேயின் கை சில்லென்று இருந்தது.

கப்பல் ஊதியது.

"சித்தி, கப்பல்" என்றாள் அகோயா. சொல்ல அவளுக்கு விருப்பமே இல்லை. ஆனாலும் சொன்னாள்.

கயேவா சித்தி கடல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துணியைச் சரிசெய்துகொண்டு இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்க குடுத்தது ஒரு நாள்தான் மாமா" என்றாள். "நான் எல்லா நாளையும்தான் கேட்டேன். மொத நாள்ல இருந்து ஆரம்பிங்க. எதையும் விட்டுடாதீங்க."

அப்பா வலையைச் சுருட்டி ஓரமாக வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மொத நாளு" என்று ஆரம்பித்தார், "இயந்திரம் நின்னதும் அவன் என்னைத்தான் திட்டினான்."